மூன்றாம் வரிசையில் ஈரம்

வேன்கார அக்கா கோயிலுக்குப் போனால் செருப்பை ஒரே இடத்தில் கழற்றிவிட மாட்டார். ஒன்றை வாசல் குழாயடியில் விடுவார். மற்றொன்றைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ப் பூக்கடைப் பலகைக்கு அடியில் தள்ளிவிடுவார். "திருடுறவன் ஜோடியாதான் எடுப்பான். ஒத்தச் செருப்ப எவன் லா எடுப்பான், சொல்லு?" என்று, கூடப் போயிருந்த என்னிடம் ஒருநாள் கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்குக் காணாமல் போனது என் செருப்பு.

கிள்ளானில் நாங்கள் இருந்த வீடமைப்புத் தாமானில் அவர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும் வேன் அவருடையது. ஓட்டுவதும் அவர்தான். அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. என் கணவருக்கு ஜொகூரில் வேலை, வாரக் கடைசியில்தான் முகத்தைக் காட்டுவார். நான் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருந்தேன். விடிவதற்குள் கிளம்பினால்தான் நெரிசலில் மாட்டாமல் போய்ச் சேரலாம். அந்த வேன் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கறுத்த, உயரமான உடம்பு. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. கண்ணைச் சுருக்கித்தான் எதையும் பார்ப்பார். பாசாருக்குப் போனால் மீனின் செவுளைத் தன் விரலாலேயே விரித்துப் பார்ப்பார், விற்கிறவர் விரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். தேங்காயைத் தன் கண்ணெதிரே உடைத்துத் துருவச் சொல்லி, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று பார்ப்பார். மழை வரும் என்று நான் சொன்னால் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார். பிழைக்கத் தெரிந்தவர் என்று சிலர் சொன்னார்கள். இந்த மனுஷியோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ என்று அவருடைய காலமான கணவருக்காகப் பரிதாபப்பட்டவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாக்கள் அவரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிட்டதே அவர் யாரையும் நம்பமாட்டார் என்பதால்தான். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் அவர் வேனுக்குள் ஏறி, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் கையை விட்டுத் தடவுவார். "எண்ணிட்டேன், எல்லாம் இறங்கிருச்சுங்கதான். ஆனா என் கணக்க நானே நம்ப மாட்டேன்" என்பார். ஒருநாள் ஒரு பையனின் சொந்தத் தாய்மாமன் பள்ளி வாசலுக்கு வந்து அவனை அழைத்துப்போகக் கேட்டார். பையன் "மாமா, மாமா" என்று குதிக்கிறான். அக்கா அசையவில்லை. அவன் அம்மாவைக் கைப்பேசித் திரையில் வரவழைத்து, மாமாவின் முகத்தை அதன் முன்னால் திருப்பிக் காட்டி, "இவரா? நல்லா பாத்துச் சொல்லு" என்று கேட்ட பிறகுதான் விட்டார். தாய்மாமன் கோபித்துக்கொண்டு போனார். அம்மா மறுநாள் அக்காவுக்கு வடை கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதையும் பிய்த்து மோந்து பார்த்தார்.

அந்த வேன் ஜப்பானில் பல வருஷம் ஓடிக் களைத்து, அதன் பிறகு கப்பலேறி இங்கே வந்தது. வந்த பிறகும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், சீட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். நான் சொல்லும் வருஷம் அதற்கு ஒரு வியாதி வந்தது. இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. காலையில் ஊற்றினால் மறுநாள் காலையில் பாதி இல்லை. ஒருநாள் மேரு சாலையில், பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருக்கும்போதே சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. அக்கா ஓரங்கட்டி நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிச் சாலையோர ஒட்டுக்கடை நிழலில் உட்காரவைத்தார். வண்டி ஆறும்வரை அங்கேயே காவல் இருந்தார்.

மற்றவர்களாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். அக்கா அப்படி நினைப்பாரா?

"தண்ணி தானா போவாது தங்கச்சி. யாரோ எடுக்குறாங்க."

"இஞ்சின் தண்ணிய யாருக்கா எடுப்பாங்க? குடிக்கவா?"

"என் வண்டி ரோட்டுல நின்னா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாரு."

பள்ளி வாசலில் அக்கா நிறுத்தும் அதே மர நிழலில் நிறுத்தும் இன்னொரு வேன்காரர் மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. அந்த மனிதர் பாவம், இடுப்புவலிக்காரர். குனிந்து தன் வண்டி டயரையே பார்க்க முடியாதவர். அக்கா தண்ணீர்த் தொட்டியில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டார். சீட்டின் விளிம்பில் ஒரு நூலை ஒட்டிவைத்தார், யாராவது தூக்கினால் அறுந்துவிடுமாம். நூல் அறுந்திருக்கவில்லை. தண்ணீர் மட்டும் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. வேனுக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தார். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் அட்டை அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

அடுத்த சந்தேகம் போமன் மேல். வண்டி பழுது பார்ப்பவரை நாங்கள் போமன் என்றுதான் சொல்வோம். மேருவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார், அமைதியான ஆள். மூடியை மாற்றினார், குழாய்களை மாற்றினார், தண்ணீர் பம்பையும் கழற்றிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எங்கேயும் ஈரமில்லை என்றார். புகைக்குழாயில் வெள்ளைப்புகை வருகிறதா என்று நின்று பார்த்தார், அதுவும் இல்லை. அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவர் கைக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"கீழயும் ஒழுகல, பொகையாவும் போவல. எங்க போவுதுன்னே தெரியல அக்கா."

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். எங்க போவுது?"

அவர் கேட்ட தொனியில் போமன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என்னிடம், "வேலியே பயிர மேயுது. இவனே ஓட்ட போட்டு இவனே அடைக்கிறான்" என்றார். எனக்கு அந்தப் போமன் முகம்தான் நினைவில் நின்றது. அந்த ஆளுக்குக் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றவும் தெரியாது என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் வீட்டுக் கதவைத் தட்டும் வரை.

ஒருநாள் நான் வேலை முடிந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே அக்கா காத்திருந்தார். "தங்கச்சி, ஒரு நிமிஷம் வேனுக்குள்ள வா." போனேன். மூன்றாம் வரிசையில் சன்னலோரம் என் மகள் உட்காரும் இடம். கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த கம்பளம் நனைந்திருந்தது.

"தண்ணி போத்தல் கொட்டியிருக்கும்."

"தொட்டுப் பாரு. வந்து நிறுத்துனப்ப இன்னும் சூடா இருந்துச்சு. போத்தல் தண்ணி சூடாவா இருக்கும்?"

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. "என் பிள்ளை அப்படிச் செய்யாது அக்கா" என்றேன். "எல்லா அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மகளிடம் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "கால்கிட்ட சூடா இருக்கும்மா. நான் எதுவும் செய்யல" என்றாள். நான் நம்பினேன். ஆனால் மறுநாளும் ஈரம். அதற்கு அடுத்த நாளும். அக்கா அவள் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தார். அது போதாதா? பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்த பெண் முன்வரிசைக்கு மாறிக்கொண்டாள். ஒரு பட்டப்பெயர் பிறந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா கேட்பதை நிறுத்தவில்லை. ஏறும்போது கேட்பார், இறங்கும்போது கேட்பார். அதட்ட மாட்டார், அடிக்க மாட்டார். அன்பாகத்தான் கேட்பார். "ஆன்டி திட்ட மாட்டேன் பாப்பா. நீதானே? சொல்லிரு. உண்மையச் சொன்னா போதும்." அவருக்கு அது ஒரு முறை. கறிக்கடைக்காரரிடமும் அப்படித்தான், தன் தம்பியிடமும் அப்படித்தான். ஒரே கேள்வியைத் துணி துவைப்பது மாதிரி திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு பிற்பகல் எனக்கு அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. "பாப்பா ஒத்துக்கிட்டா தங்கச்சி. அவதானாம். பாவம், ஏசாத. டாக்டர்கிட்ட மட்டும் காட்டு."

அன்று சாயங்காலம் மகள் முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. பையைத் திறந்தால் காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் அப்படியே இருந்தது. எத்தனை நாளாக அப்படி என்று தெரியவில்லை. பள்ளியில் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லையாம். குடித்தால் வரும், வந்தால் வேனில் போய்விடும் என்று பயம். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். கிளினிக்கில் டாக்டர், "ஏழு வயசுப் பிள்ள, இந்த வெயில்ல, தண்ணி குடிக்காம இருக்கலாமா?" என்று என்னைத்தான் பார்த்தார்.

அக்காவின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. அவருக்கு என் மகளின் சீட்டு வேண்டும், வேறு யாரோ அண்ணன் தங்கையாக இரண்டு பிள்ளைகளை ஏற்றப் பேசி வைத்திருக்கிறார், அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். அவரே தண்ணீரை ஊற்றி வைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். வேறு வேன் தேடினேன். எங்கள் தாமான் பக்கம் வருகிற எதிலும் இடமில்லை. மகளோ, "நான் பள்ளிக்கே போவலம்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். படிப்பில் ஆசையுள்ள பிள்ளை அவள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காலுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் வெள்ளைச் சப்பாத்தும் காலுறையும் போய்க் கறுப்பு வந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம், வெள்ளையடிக்கும் வேலை ஒழிந்தது என்று. ஆனால் கறுப்பில் கறை தெரியாது. கைக்குத்தான் தெரிந்தது. அலச அலச வழுவழுப்புப் போகவில்லை. சவர்க்காரம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன், அப்போதும் போகவில்லை. மோந்து பார்த்தேன். மூத்திர வாடை இல்லை. ஏதோ பாகு காய்ச்சினது மாதிரி இனிப்பான வாடை. என்ன எழவு இது என்று தெரியாமல் இன்னொரு காலுறையைத் துவைக்காமல் அப்படியே வைத்தேன்.

மறுநாள் காலை அக்கா தன் வீட்டு வாசலில் வேனின் முன் சீட்டைத் தூக்கிவிட்டு, ஒரு போத்தலிலிருந்து பச்சையாக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். அதுவரை வெறும் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தார். அப்படி ஊற்றினால் உள்ளே துருப்பிடித்துவிடும் என்று போமன் வற்புறுத்தி, அந்த வாரம்தான் கூலண்ட் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் பால் வாங்கக் கடைக்குப் போகிறவள், அவரோடு பேசக்கூடாது என்று வேகமாக நடந்தேன். அந்த வாடை என்னை நிறுத்தியது.

திரும்பி வீட்டுக்கு ஓடிக் காலுறையை எடுத்துவந்து அவர் மூக்கருகே நீட்டினேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. "மோந்து பாருங்க. இதுதான் என் பிள்ளை போன மூத்திரமா?"

அக்கா மோந்தார். போத்தலை மோந்தார். மறுபடி காலுறையை மோந்தார். கண்ணைச் சுருக்கினார். "இத நீ எங்க வச்சிருந்த?" என்றார்.

அந்த நேரத்திலும் என்மேல் சந்தேகம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ பலமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், எதிர்வீட்டுச் சீனர் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்கா மூடியைத் திருகிவிட்டு, "பாப்பாவ கூட்டிட்டு வா. போமன்கிட்ட போவோம்" என்றார்.

பட்டறையில் போமன் மூன்றாம் வரிசைச் சீட்டைக் கழற்றினார். விரிப்பை எடுத்தார், கம்பளத்தை உரித்தார். இரண்டாம் வரிசைச் சீட்டின் முதுகுப் பக்கத்தை ஒட்டினாற்போல் தரையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. எத்தனையோ வருஷத்துப் புழுதி அதன்மேல். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் ஏறிவந்து அதற்குள் போயின. ஒன்று பெட்டியோடு சேருகிற இடத்தில் வெடித்திருந்தது. இஞ்சினை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெடிப்பிலிருந்து பச்சைத் தண்ணீர் சூடாகக் கசிந்து கம்பளம் இருந்த இடத்தில் பரவியது. வெளியே ஒரு சொட்டு விழவில்லை.

"என்னா தம்பி இது?"

போமன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஹீட்டர் அக்கா. ஜப்பான்ல பனி விழும்ல? பின்னால உக்காருறவங்களுக்குச் சூடு குடுக்க. இஞ்சின் சூட்டுத் தண்ணி இதுக்குள்ள வந்துட்டுப் போவும்."

"கிள்ளான்ல எவனுக்கு லா குளிருது?"

"அதான் அக்கா. வர்றவங்க எல்லாம் எயர்கோன் குளிரலன்னுதான் வருவாங்க. ஹீட்டர்னு ஒன்னு இருக்குன்னு நானே நெனைக்கல. அடியில அந்தக் குழாயப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு, விட்டுட்டேன்."

அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேனை வாங்கிய நாளிலிருந்து தினமும் அந்தச் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிய பெண் அவர். போமனை, இடுப்புவலிக்காரரை, என் பிள்ளையை எல்லாம் சந்தேகப்பட்டவர். முன்னால் காணாமல் போகிற தண்ணீரும் பின்னால் நனைகிற கம்பளமும் ஒன்றுதான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குத்தான் தோன்றியது? நாள் முழுக்க வேர்த்துக் கொட்டுகிற ஊரில், சூடு வேண்டும் என்று ஒருவன் வண்டியில் பெட்டி வைப்பான் என்று எவருக்குத் தோன்றும்?

போமன் என் மகளின் காலைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிடச் சொன்னார். இனிப்பாக மணத்தாலும் விஷமாம். நான் கழுவினேன். அக்கா வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார். அவருக்கு முழங்கால் வலி, அப்படி உட்காரவே மாட்டார்.

"பாப்பா. அது வண்டித் தண்ணி. நீ ஒன்னும் செய்யல."

மகள் தலையசைத்தாள்.

"அப்ப ஏன் நீதான்னு ஆன்டிகிட்ட சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் ஈரக் காலைப் பார்த்துக்கொண்டு, "ஆமான்னு சொல்லிட்டா நீங்க விட்டுருவீங்கன்னு" என்றாள்.

குழாயை மூட எனக்குக் கை வரவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போமன் பட்டறைக்குள் போய்விட்டார். மீன்காரர், கறிக்கடைக்காரர், கூடப் பிறந்த தம்பி என்று யார் வாயிலிருந்து வருகிற சொல்லையும் நம்பாத அக்கா, சந்தேகமே படாமல் நம்பிய ஒரே சொல் அதுதான். அது ஏழு வயதுப் பிள்ளை பயத்தில் சொன்ன பொய். அக்கா கழுத்துத் துண்டை எடுத்து என் மகளின் காலைத் துடைத்தார். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தார். அதுவரை அவரை அறைந்தால் என்ன என்று துடித்துக்கொண்டிருந்த என் மனசு, அந்த இடத்தில் அழுதுவிட்டது.

திங்கட்கிழமை காலை எல்லாப் பிள்ளைகளும் ஏறிய பிறகு அவர் வேனை எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, வெடித்த குழாய்த் துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். "தண்ணி இதுலேருந்துதான் வந்துச்சு. பாப்பா செய்யல. ஆன்டிதான் தப்பா சொன்னேன். இனிமே யாராச்சும் அந்தப் பேர சொல்லிக் கூப்பிட்டா, நடந்துதான் பள்ளிக்குப் போவணும்." அன்று வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, வேன் கதவருகே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை.

போமனிடம் அவர் நாற்காலி போட்டு உட்காருவதை விட்டாரா என்றால், இல்லை. கோயிலிலும் செருப்பு இரண்டு இடத்தில்தான் கிடந்தது. அந்த வருஷக் கடைசியில் நாங்களும் ஜொகூருக்கு மாறிவந்துவிட்டோம். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, நான் வேலையை விட்டிருந்த சமயம், ஒருநாள் வேன் வந்து நின்றதும் மகள் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கி ஓடிவந்தாள். சட்டையெல்லாம் சர்பத் சிவப்பு.

"அம்மா, வேன்ல சிராப் முழுக்கக் கொட்டிட்டேன். நான்தான் கொட்டுனேன்னு சொல்றேன், ஆன்டி நம்பவே மாட்டேங்கிறாங்கம்மா!"

அக்கா ஓட்டுநர் சன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டினார். கண் வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. என்னைக் கிட்டே வரச்சொல்லி, மகளுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நெசமா அவதானா, இல்ல வேற யாரும் சொல்லச் சொன்னாங்களான்னு நீ வீட்டுல வச்சுக் கேட்டுப் பாரு தங்கச்சி. ஆனா ஒரு தடவதான் கேக்கணும்."